நாலு மார்க்குக்கு எத்தனை வழி?

2025 மே மாதம் சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த அன்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு தாள்கள் கிடந்தன. ஒன்று அகில இந்தியப் பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினின் ஸ்கோர்கார்டு: மொத்தத்தில் 98.1 பர்சன்டைல், கெமிஸ்ட்ரியில் மட்டும் 98.6. இன்னொன்று போர்டு மார்க்: ஆங்கிலம் 84, கணக்கு 79, கம்ப்யூட்டர் சயின்ஸ் 75, பிசிக்ஸ் 71, கெமிஸ்ட்ரி 62. கூட்டினால் 371. மத்திய அரசின் பொறியியல் கல்லூரியான என்ஐடி-யில் சேர ஐந்து பாடத்தில் 75 சதவீதம், அதாவது 375 வேண்டும். நாலு மார்க் குறைவு.

"கெமிஸ்ட்ரியில் நூறு பேரில் 98 பேரை முந்தினவனுக்கு 62 போட்டிருக்கிறார்களே, திருத்தினவர் பேப்பரைப் பிரித்தாவது பார்த்தாரா?" என்று நான் போட்ட சத்தம் மாடி வீட்டுக்குக் கேட்டிருக்கும். பையன் ஒன்றும் பேசவில்லை. அவனுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று எங்களுக்குத் தெரியவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

அதே வருடம் இங்கே பெங்களூரில் ஸ்ரீராமபுரத்தில் இருக்கும் என் தம்பி வீட்டிலும் இதே கூத்து. அவன் மகள் படித்தது கர்நாடக பியூ போர்டு, இங்கே பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பைத்தான் பியூ என்பார்கள். ஒரே குடும்பம், ஒரே வருடம், இரண்டு போர்டு. பள்ளியில் போய்ப் பேசுவது, விடைத்தாள் நகல் வாங்குவது, மறுமதிப்பீடு, திரும்ப எழுதுவது, வக்கீலைப் பார்ப்பது, விட்டுவிடுவது என்று எல்லா யோசனையும் இரண்டு வீட்டிலும் அடிபட்டது. சிலவற்றைச் செய்தோம், சிலவற்றை விசாரித்ததோடு சரி. அதைத்தான் இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. எங்கள் இரண்டு வீட்டிலும் இதை யாரும் முதலில் கேட்கவில்லை, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். குறைந்த இந்த மார்க் எங்கே போய் இடிக்கிறது? பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். ஏனென்றால் நம் பிள்ளைகள் ஒரே சமயத்தில் மூன்று நான்கு வரிசையில் நிற்கிறார்கள், ஒவ்வொரு வரிசையிலும் பள்ளி மார்க்கின் விலை வேறு.

மாநில எல்லையான அத்திபெலே தாண்டி ஓசூருக்குள் நுழைந்தால் நுழைவுத் தேர்வுக்கு மதிப்பே கிடையாது. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வை 2007-லேயே சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். அங்கே பொறியியல் கவுன்சிலிங்கில் கணக்கு 100-க்கு, பிசிக்ஸ் 50-க்கு, கெமிஸ்ட்ரி 50-க்கு என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். என் பையனுக்கு அது 145.5. அவனுடைய 98.1 பர்சன்டைலை அங்கே யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டு வெளிமாநிலத்தில் படித்தவர்கள் இருப்பிடச் சான்றிதழ் வாங்கி விண்ணப்பிக்கலாம், பலர் செய்கிறார்கள். அப்படிப் போகிறவர்களுக்குப் பள்ளி மார்க்தான் எல்லாம். அரை மார்க்குக்கும் சண்டை போடலாம், நியாயம்தான்.

அத்திபெலேக்கு இந்தப் பக்கம் கர்நாடகத்தின் நுழைவுத் தேர்வான கேசிஇடி. இங்கே பாதிக்குப் பாதி. கேசிஇடி 180 மார்க் ஒரு பாதி, பன்னிரண்டாம் வகுப்பு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கு சேர்த்து 300 இன்னொரு பாதி. சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான். ஒரு நாள் இரவு என் தம்பி பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான்: போர்டில் ஐந்து மார்க் கூடினால் கேசிஇடியில் மூன்று கேள்வி கூடுதலாகச் சரியாகப் போட்டதற்குச் சமம். கேசிஇடியில் மூன்று கேள்விக்கு ரேங்க் எவ்வளவு நகரும் என்பதைப் பழைய ரேங்க் பட்டியல்களைப் புரட்டினவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என்ஐடி, ஐஐடி வரிசையில் பள்ளி மார்க் வாசல்படி மாதிரி. தாண்டினால் போதும், எவ்வளவு உயரத் தாண்டினாய் என்று யாரும் கேட்பதில்லை. 75 சதவீதம், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 65. இல்லாவிட்டால் தன் போர்டில் முதல் 20 பர்சன்டைலுக்குள் இருக்க வேண்டும். கொரோனா வருடங்களில் இதைத் தளர்த்தி வைத்திருந்தார்கள், 2023-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். என் பையனுக்கு 20 பர்சன்டைல் வழி உதவவில்லை, அந்த எல்லை அவன் மார்க்குக்கு மேலே இருந்தது. இன்னொரு வேடிக்கை: என்ஐடி-யில் பாதி இடம் உள்மாநிலத்துக்கு. எது உள்மாநிலம் என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பு எங்கே தேறினாய் என்பதை வைத்து முடிவு செய்வார்கள். வீட்டில் தமிழ் பேசினாலும் திருச்சி என்ஐடிக்கு இவன் வெளியூர்க்காரன். இவனுக்கு ஆசை கர்நாடகத்து என்ஐடியான சூரத்கல்.

கடைசியாக காமெட்-கே, கர்நாடகத்துத் தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு. அதில் ரேங்க் முழுக்க அவர்கள் தேர்வை வைத்துத்தான். பள்ளி மார்க் மூன்று பாடத்தில் 45 சதவீதம் இருந்தால் போதும். அந்த வரிசையில் மட்டும் நிற்கிறவர் 62-க்காகக் கொதிப்பது வீண். நீட் எழுதும் வீடுகளுக்கும் ஏறக்குறைய இதேதான், பொதுப்பிரிவில் பயாலஜியோடு சேர்த்து மூன்று பாடத்தில் 50 சதவீதம் தாண்டினால் அப்புறம் எல்லாம் நீட் மார்க்.

இதையெல்லாம் எழுதி வைத்துப் பார்த்தபோதுதான் எங்கள் பிரச்சினை எவ்வளவு சின்னது, எவ்வளவு குறிப்பானது என்று தெரிந்தது. எங்களுக்கு நீதி வேண்டியதில்லை. நாலு மார்க் வேண்டும், அதுவும் ஜூன், ஜூலைக்குள்.

சரி, பள்ளிக்கூடத்தில் போய்ப் பேசலாம் என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. நாங்களும் போனோம். ஸ்கோர்கார்டை லேமினேட் செய்து எடுத்துக்கொண்டு போனேன், இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. தியரியில் 70-க்கு 38, ப்ராக்டிகலில் 30-க்கு 24. தியரி வெளியே திருத்துவது, ப்ராக்டிகல் உள்ளே போட்டது, ஆகவே அந்த ஆறு மார்க்கைக் கேட்டு வாங்கிவிடலாம் என்பது எங்கள் திட்டம்.

பிரின்சிபால் கெமிஸ்ட்ரி மிஸ்ஸை வரச்சொன்னார். அவர் ஸ்கோர்கார்டைப் பார்த்து, "ரொம்ப நல்ல மார்க் மேடம்" என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டார். பிறகு என் பையனின் ரெக்கார்டு நோட்டை எடுத்துவந்து பிரித்தார். டைட்ரேஷன் பக்கத்தில், கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் பியூரெட் அளவு மூன்று முறையும் 10.0, 10.0, 10.0. "கையால் பியூரெட் திருப்புகிற யாருக்கும் மூன்று தடவையும் இப்படி வராது மேடம். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியிருக்கிறான்." அடுத்து இரண்டு சால்ட் அனாலிசிஸ் பக்கங்களில் கையெழுத்தே இல்லை, காட்டவே இல்லையாம். சிபிஎஸ்இ கெமிஸ்ட்ரி ப்ராக்டிகலில் டைட்ரேஷனுக்கு 8, சால்ட்டுக்கு 8, இன்னொரு சோதனைக்கு 6, ப்ராஜெக்டுக்கு 4, ரெக்கார்டுக்கும் வைவாவுக்கும் சேர்த்து 4. இதில் 24 வந்ததே பெரிது என்று மிஸ் சொல்லவில்லை, ஆனால் அப்படித்தான் இருந்தது. நான் பையனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அது போகட்டும். மிஸ் மனது வைத்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு ப்ராக்டிகலுக்கு வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார், மார்க்கை ஆன்லைனில் ஏற்றிவிடுவார்கள், ஏற்றினபின் திருத்த முடியாது என்பது போர்டின் கண்டிப்பான விதி. ஆகவே முடிவு வந்தபிறகு ப்ராக்டிகல் மார்க்குக்காகப் பள்ளிக்குப் போவது போன ரயிலுக்கு டிக்கெட் எடுப்பது மாதிரி. போக வேண்டிய நேரம் ஜனவரி, ப்ராக்டிகலுக்கு முன்னால், ரெக்கார்டு நோட்டோடு. பதினொன்றாம் வகுப்பு மார்க், ப்ரீ-போர்டு மார்க், வகுப்புத் தேர்வு மார்க் என்றால் கதை வேறு. அவை பள்ளியின் கையில் இருப்பவை, கேட்டால் பேப்பரைக் காட்டுவார்கள், கூட்டல் தப்பு இருந்தால் மாற்றுவார்கள்.

ஆனாலும் அந்தச் சந்திப்பு வீணாகவில்லை. கிளம்பும்போது மிஸ் சொன்ன ஒரு வாக்கியம்தான் அடுத்த ஒரு மாதத்தை நடத்தியது: "இந்த கார்டை வைத்து எதுவும் கேட்க முடியாது மேடம், அவன் எழுதின பேப்பரை வாங்கிப் பாருங்கள்."

நான் அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். 98.6 பர்சன்டைல் என்றால் எழுதியவர்களில் 98.6 சதவீதம் பேர் இவனுக்குச் சமமாகவோ கீழேயோ இருக்கிறார்கள் என்று பொருள். நூற்றுக்கு 98.6 மார்க் வாங்கினான் என்று அல்ல. ஜேஇஇ மெயினில் கெமிஸ்ட்ரிக்கு 25 கேள்வி, விடை மட்டும்தான், வழி எழுத இடமே கிடையாது. போர்டு தேர்வில் விடையைவிட வழிக்குத்தான் மார்க். சமன்பாட்டைச் சமன் செய்தாயா, அலகு போட்டாயா, 'காரணம் கூறு' என்றால் காரணத்தைச் சொன்னாயா என்று பார்க்கிறார்கள். இரண்டு வருடம் கோச்சிங்கில் ஓ.எம்.ஆர். வட்டத்தையும் கணினி மவுஸையும் பிடித்துப் பழகினவனுக்கு மூன்று மணி நேரம் பேனா பிடித்து எழுதுவது வேறு வேலை. ஆகவே இந்த ஸ்கோர்கார்டு ஒரு சந்தேகத்தை எழுப்பலாம், பேப்பரைப் பார்க்கலாமே என்ற துணிச்சலைக் கொடுக்கலாம். சாட்சியாக நிற்காது. பெற்றோர் பாதிப்பேர் இதில்தான் நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

இரண்டாவது வழி விடைத்தாள் நகல். சிபிஎஸ்இயில் முன்பெல்லாம் முதலில் கூட்டல் சரிபார்ப்புக்கு விண்ணப்பித்து, அதன்பிறகுதான் நகல் கேட்க முடியும். 2025-ல் வரிசையை மாற்றினார்கள்: முதலில் நகல், அதைப் பார்த்துவிட்டு சரிபார்ப்பா, மறுமதிப்பீடா, இரண்டுமா என்று நீங்களே முடிவு செய்யலாம். அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்புக்கு நகல் ஒரு பாடத்துக்கு 700 ரூபாய், சரிபார்ப்பு 500, மறுமதிப்பீடு ஒரு கேள்விக்கு 100 என்று இருந்தது. விண்ணப்பிக்கக் கிடைப்பது சில நாட்கள்தான், தேதி தவறினால் போனதுதான். 2026-லிருந்து பன்னிரண்டாம் வகுப்புத் தாள்களைக் கணினித் திரையிலேயே திருத்தப்போவதாக போர்டு அறிவித்தது, கூட்டல் பிழைகள் அதில் குறையும். ஆகவே உங்கள் வருடத்துச் சுற்றறிக்கையைப் படித்துவிட்டு இறங்குங்கள், என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நகல் வந்த அன்று கணினி முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்தோம். போர்டு கேள்வித்தாளையும் விடைக்குறிப்பையும் இணையத்தில் போடுகிறது, அதைப் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொள்வது நல்லது. முதல் பத்துப் பக்கத்திலேயே என் கோபம் வடிந்துவிட்டது. கணக்குகளில் நேராகக் கடைசி எண்ணை எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறான். சூத்திரம் இல்லை, எண்களைப் பொருத்தும் வரி இல்லை. மூன்றுக்கு ஒன்று கொடுத்திருக்கிறார்கள், சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். "எதற்குடா இப்படி?" என்றால், "விடை வந்துடுச்சேம்மா" என்கிறான்.

அப்புறம் பின்பக்கம் ஒன்று வந்தது. இரண்டு பக்கத்துக்கு நடுவே, மேலே வேறு ஒரு விடை முடிந்த இடத்துக்குக் கீழே, ஒரு மூன்று மார்க் கேள்விக்கு முழு விடை எழுதியிருக்கிறான். அதன்மேல் சிவப்பு மையே படவில்லை. டிக்கும் இல்லை, பெருக்கல் குறியும் இல்லை, ஓரத்தில் எண்ணும் இல்லை. திருத்தினவர் பக்கத்தைப் புரட்டும்போது விட்டுவிட்டார். என் கணவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தார். மூன்று மார்க் கிடைத்தால் 374.

இன்னும் ஒன்று வேண்டுமே. அங்கேதான் நாங்கள் தப்புப் பண்ணினோம், அதாவது நான் பண்ணினேன்.

திருத்தாமல் விட்ட விடை, கூட்டல் தப்பு, உள்ளே போட்ட மார்க் முன்பக்கத்தில் மாறி ஏறியது எல்லாம் சரிபார்ப்பில் வரும். திருத்தியதையே திரும்பத் திருத்தச் சொல்வது மறுமதிப்பீடு. விடைக்குறிப்போடு வைத்துப் பார்த்ததில் ஒரு கேள்வியில் ஒரு மார்க் நிச்சயமாகக் குறைத்திருந்தார்கள், விடைக்குறிப்பில் இருக்கிற அதே வரி இவன் பேப்பரிலும் இருந்தது. அதற்கு விண்ணப்பித்தது சரி. கூடவே இன்னொரு கேள்வியில் மூன்றுக்கு இரண்டு கொடுத்திருந்தார்கள், அதையும் போடலாம் என்று நான் சொன்னேன். "வேண்டாம்மா, அதில் பாதி நான் சும்மா எழுதினது" என்றான் பையன். நூறு ரூபாய்தானே, போனால் போகிறது என்றேன். போவது நூறு ரூபாய் மட்டும் அல்ல என்பது விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதியிருந்தது: மார்க் கூடினாலும் குறைந்தாலும் புதியதுதான் செல்லும், பழைய மார்க்ஷீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

முடிவு வந்தது. விடுபட்ட விடைக்கு மூன்று. விடைக்குறிப்போடு ஒத்துப்போன கேள்விக்கு ஒன்று. நான் சேர்த்த கேள்வியில் ஒன்று குறைந்தது. 374.

செலவு 1,400 ரூபாய்: நகலுக்கு 700, சரிபார்ப்புக்கு 500, இரண்டு கேள்விக்கு 200. இந்த வழியை நான் இன்னும் பரிந்துரைக்கிறேன், எங்கள் கதையைக் கேட்டபிறகும். நகல் பார்ப்பதில் ஆபத்து எதுவும் கிடையாது, பணம் மட்டும்தான். ஆபத்து மறுமதிப்பீட்டில் இருக்கிறது, அதிலும் விடைக்குறிப்பில் விரல் வைத்துக் காட்ட முடியாத கேள்வியில். பிள்ளை வேண்டாம் என்று சொன்னால் கேளுங்கள். அந்த விடையை எந்த நம்பிக்கையில் எழுதினான் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். இன்னொன்றும் தோன்றுகிறது: கோபம் கெமிஸ்ட்ரி மேல் இருந்ததால் கெமிஸ்ட்ரி நகல் மட்டும் வாங்கினோம். நாலு மார்க் எந்தப் பாடத்தில் வந்தால் என்ன? ஆங்கிலத்திலும் கணக்கிலும் நகல் வாங்கியிருக்கலாம்.

கர்நாடக போர்டில் இதே வழிக்கு விலை அதிகம். 2025-ல் ஸ்கேன் நகல் ஒரு பாடத்துக்கு 530 ரூபாய், மறுமதிப்பீடு 1,670 என்று இருந்தது. கேள்விக் கணக்கில் இல்லை, முழுத் தாளுக்கும் சேர்த்து. என் தம்பி மகளுக்கு ஏப்ரலில் முதல் தேர்வு முடிவு வந்தபோது பிசிக்ஸ் 68, கெமிஸ்ட்ரி 74, கணக்கு 81. கணக்கில் 95-க்குக் குறையாது என்று சொல்லிக்கொண்டிருந்தவள். தம்பி இரண்டு பாடத்துக்கு நகல், மறுமதிப்பீடு என்று 4,400 ரூபாயை எடுத்து வைத்துவிட்டான். அவள்தான் முதலில் கணக்கு நகலை மட்டும் பார்ப்போம் என்றாள். பார்த்தாள். இன்டெக்ரேஷன் கணக்கு ஒன்றில் மைனஸ் குறி விட்டுப்போய் அது கடைசி வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. "அப்பா, மீதிப் பணத்தை உள்ளே வையுங்க" என்றாளாம். 530 ரூபாய் 1,670-ஐக் காப்பாற்றியது.

ஆனால் அவளுக்கு எங்களுக்கு இல்லாத ஒரு வழி இருந்தது. எல்லா வழியிலும் நான் பொறாமைப்படுவது இதைப் பார்த்துத்தான். கர்நாடகத்தில் 2024-லும் 2025-லும் இரண்டாம் பியூவுக்கு ஒரே வருடத்தில் மூன்று தேர்வு வைத்தார்கள். தேறினவர்களும் மார்க் போதவில்லை என்றால் வேண்டிய பாடத்தை மட்டும் அடுத்த தேர்வில் திரும்ப எழுதலாம், எதில் கூடுதலோ அதுதான் கணக்கு. குறைந்தால் பழையது இருக்கவே இருக்கிறது. 2025-ல் கேசிஇடி ஏப்ரல் 16, 17. இரண்டாவது பியூ தேர்வு ஏப்ரல் 24-ல் தொடங்கியது. நடுவே ஒரு வாரம். அந்த வாரத்தில் என் தம்பி வீட்டில் டிவி ரிமோட்டை எங்கே ஒளித்து வைத்தார்கள் என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறார்கள். பிசிக்ஸ் மட்டும் திரும்ப எழுதினாள். 68 என்பது 83 ஆனது. பதினைந்து மார்க், தம்பி பில்லின் பின்பக்கக் கணக்குப்படி கேசிஇடியில் ஒன்பது கேள்வி. எந்த மறுமதிப்பீட்டில் பதினைந்து வரும்?

சிபிஎஸ்இயிலும் திரும்ப எழுதலாம், ஜூலையில் நடக்கும் துணைத் தேர்வில், ஒரு பாடம். அதன் முடிவு ஆகஸ்டில் வருகிறது. என்ஐடி கவுன்சிலிங்கின் முக்கியச் சுற்றுகள் ஜூனில் தொடங்கி ஜூலையில் முடிந்துவிடுகின்றன. ஆகவே அந்த வருடத்து இடத்துக்கு அது உதவாது, அடுத்த வருடம் திரும்ப ஜேஇஇ எழுதுவதாக இருந்தால் மட்டும் பொருள் உண்டு. என் பையனிடம் கேட்டேன். "இன்னொரு வருஷம் பியூரெட்டா?" என்றான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்று ஒரு உறவினர் சொன்னார். சொன்னது சரிதான். விடைத்தாளும் அந்தச் சட்டத்தின்கீழ் தகவல்தான், மாணவர் கேட்டால் காட்ட வேண்டும் என்று 2011-ல் சிபிஎஸ்இ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், பக்கத்துக்கு 2 ரூபாய். ஆனால் பதில் தர முப்பது நாள். கவுன்சிலிங் தேதியைக் கையில் பிடித்துக்கொண்டு முப்பது நாள் காத்திருக்க முடியாது. அவசரமில்லாதவர்களுக்கு அது மலிவான வழி.

நீதிமன்றம் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. நீதிபதிகள் விடைத்தாளைத் திருத்த உட்கார மாட்டார்கள், விதியில் இல்லாத மறுமதிப்பீட்டை உத்தரவிடவும் மிகவும் தயங்குவார்கள். மாணவர்கள் மொத்தமாகப் பாதிக்கப்பட்டால் நிலைமை வேறு. 2022-ல் பெங்களூரில் அதைப் பார்த்தோம். அதற்கு முந்தைய வருடம் கொரோனாவால் பியூ தேர்வே நடக்காமல் மார்க் போட்டார்கள். அந்த மார்க்கைத் திரும்ப எழுதுகிறவர்களின் கேசிஇடி ரேங்குக்குச் சேர்க்க மாட்டோம் என்று அடுத்த வருடம் கேசிஇடியை நடத்தும் கேஇஏ சொல்ல, உயர் நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த வருடம் கவுன்சிலிங்கே தள்ளிப்போனது. ஒரு வீட்டின் நாலு மார்க்குக்கு அந்தப் பாதை எடுபடாது.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் என்னிடம் கேட்பதுண்டு: பள்ளியில் பி கிரேடு கொடுத்துவிட்டார்கள், ஏபி என்ற அமெரிக்கத் தேர்வில் 5 வந்திருக்கிறது, மாற்றச் சொல்லலாமா என்று. ஏபி என்பது 1 முதல் 5 வரை வெளி அமைப்பு போடுவது, பள்ளி மார்க் ஆசிரியர் வருடம் முழுக்கப் பார்த்துப் போடுவது. இரண்டையும் பல்கலைக்கழகம் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. 5 இருக்கிறது என்று விண்ணப்பத்தில் எழுதுங்கள், பி அப்படியே இருக்கட்டும். அதே ஆசிரியரிடம்தான் பரிந்துரைக் கடிதமும் வாங்கப் போகிறீர்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

என்னைக் கேட்டால் வரிசை இதுதான். பியூ போர்டு என்றால் யோசிக்காமல் திரும்ப எழுதுவது, சந்தேகம் உள்ள பாடத்தில் நகல் மட்டும் வாங்கிப் பார்ப்பது. சிபிஎஸ்இ என்றால் மார்க் எங்கோ இடிக்கிறது என்பது உறுதியானால் நகல், அதுவும் ஒன்றுக்கு இரண்டு பாடத்தில். திருத்தாமல் விட்டது தெரிந்தால் சரிபார்ப்பு. மறுமதிப்பீடு விடைக்குறிப்பு கையில் இருந்தால் மட்டும். பள்ளிக்குப் போவது தகவல் கேட்க, மார்க் கேட்க அல்ல. எங்கேயும் இடிக்கவில்லை என்றால் விட்டுவிடுவதுதான் சரி, 62 பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக ஜூன் மாதத்தைச் செலவழிக்க வேண்டாம்.

என் பையனுக்கு சூரத்கல் இல்லாமல் போனது. கேசிஇடிக்கு அவன் மூன்று பாட மார்க் 212-லிருந்து 215 ஆனது, கிட்டத்தட்ட இரண்டு கேள்விக்குச் சமம். அந்த ரேங்கில் பெங்களூரிலேயே ஒரு கல்லூரியில் சிவில் கிடைத்தது, தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறான். முதல் செமஸ்டரில் கெமிஸ்ட்ரி லேப் இருந்தது. ஒரு நாள் ரெக்கார்டு நோட்டை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தான். எடுத்துப் பார்த்தேன். டைட்ரேஷன் பக்கத்தில் 9.8, 9.9, 9.9 என்று இருந்தது.